அந்தரங்க உரிமையும் பஞ்சமி நிலமும்

அந்தரங்க உரிமைச் சட்டத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்க முனையும் நம் மாணவர்கள் செங்கல்பட்டிலிருந்து தொடங்கலாம். இம்மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையே பஞ்சமி நிலங்களுக்கு வழிவகுத்தது. காரணை நிலமீட்புப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரீந்தனர். மாமல்லபுரம் கடற்கரை வரை மனை விலை ஏறிக்கிடக்கும் இன்றும் கேள்வி அதுவே: முதலில் யாருக்கு ஒப்படை செய்யப்பட்ட நிலம், எவ்வாறு கைமாறியது?

அதனைக் கேட்க நமக்கு வாய்த்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதன் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, அங்கிருந்த பொதுநலன் வரம்பை நீக்கியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. இனித் தனிநபர் தகவல் என்ற ஒற்றைச் சொல்லால் மனுவை மறுக்க முடியும்.

அந்தரங்கம் நமக்குப் பகையன்று. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் உறுதிசெய்த அவ்வுரிமை, தன் சாதியை வெளிப்படுத்த விரும்பாத விடுதி மாணவருக்கும் அரணாகும். ஆனால் ஆக்கிரமிப்பாளருக்கு அது திரையாகிவிடக் கூடாது. பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்றும் உயிருடன் உள்ளது. அதை மேல்முறையீட்டில் வாதிட வழக்கறிஞர்கள் வேண்டும். புதுப்பாக்கம் அம்பேத்கர் சட்டக் கல்லூரி மாணவர்களே, தரவுச் சட்டத்தை மென்பொருள் நிறுவனங்களுக்கு மட்டும் விட்டுவிடலாகாது.