நூலக வரி நம்முடையது, ஆணைக்குழு யாருடையது?

உங்கள் மாவட்டத்து நூலக ஆணைக்குழுவின் தலைவர் யார்? மாவட்ட ஆட்சியரின் பெயரைப் பலரும் சொல்லிவிடுவார்கள். சட்டமன்ற உறுப்பினரையும் வார்டு கவுன்சிலரையும் தெரிந்திருக்கும். ஆனால், நாள் தவறாமல் கிளை நூலகத்துக்குப் போய்வருகிறவர்களிடம் கேட்டாலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பது அரிது. அப்படியொரு குழு இருப்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் அந்தக் குழுவுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரியாது. சொத்து வரியின் மீது ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. 2,000 ரூபாய் வரிக்கு 200 ரூபாய். வாடகைக்குக் குடியிருப்பவர்களும் வாடகையின் வழியே இதைத் தந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகங்களுக்கென்று இயற்றப்பட்ட முதல் சட்டம் அது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் வாதாடினார். அன்றைய சென்னை மாகாணக் கல்வி அமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம் அதற்குச் செவிசாய்த்தார். சட்டத்தின் உயிர்நாடியான எண்ணம் மிக எளியது. நூலகம் ஆண்டுதோறும் அரசின் தயவை எதிர்பார்த்து நிற்கக் கூடாது, அதற்கென்று தனி வரி வேண்டும். அந்த வரியை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுக்க அந்தந்த மாவட்டத்திலேயே ஒரு குழு வேண்டும். வரியும் குழுவும் சேர்ந்தே பிறந்தன. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் பார்த்தால் வரி வளர்ந்திருக்கிறது, குழு தேய்ந்துபோயிருக்கிறது.

சட்டம் குழுவுக்குக் கொடுத்த அதிகாரம் சின்னதில்லை. ஆணைக்குழு தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குத் தொடுக்கலாம். மாவட்டத்தில் எங்கெங்கே நூலகம் வேண்டும் என்று திட்டம் வகுப்பது, இடமும் கட்டடமும் ஏற்பாடு செய்வது, நூல்கள் சேர்ப்பது, சொற்பொழிவுகள் நடத்துவது எல்லாம் அதன் பொறுப்பு. நூலக நிதி என்று தனிக் கணக்கும் அதற்குத் தணிக்கையும் உண்டு. கூடவே கடிவாளங்களும் உண்டு. வகுத்த திட்டத்துக்குப் பொது நூலக இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். ஒரு நூலகத்தை மூடுவதற்கோ இடம் மாற்றுவதற்கோ அரசின் அனுமதி வேண்டும். குழு தன் கடமையில் தவறினால் அரசு அதைக் கலைத்துவிடலாம். இவற்றில் மூடுவதற்கு அனுமதி கேட்கச் சொல்லும் விதியை நான் மனதார ஆதரிக்கிறேன். ஓர் ஊரின் நூலகத்தை நாலு பேர் கூடி ஒரே மாலையில் மூடிவிட முடியாது என்பது வாசகருக்குக் கிடைத்த பாதுகாப்பு.

காகிதத்தில் இருக்கும் இந்த அதிகாரம் நடைமுறையில் எப்படி இருக்கிறது? ஒரு கிளை நூலகத்தின் கூரை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூலகர் அலமாரிகளைச் சுவரை விட்டு நகர்த்துகிறார், மேலே பிளாஸ்டிக் தாளை விரிக்கிறார். புகைப்படத்தோடு மாவட்ட நூலக அலுவலருக்குக் கடிதம் எழுதுகிறார். அந்த அலுவலர்தான் ஆணைக்குழுவின் செயலாளரும். கட்டடம் யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும்: ஆணைக்குழுவுக்குச் சொந்தமானதா, ஊராட்சி கொடுத்ததா, வாடகைக்கு எடுத்ததா? பிறகு பொறியாளர் வந்து எஸ்டிமேட் போட வேண்டும். தொகை பெரிது என்றால் கருத்துரு சென்னைக்குப் போக வேண்டும். நிர்வாக ஒப்புதல், நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்குவதற்குள் அடுத்த ஐப்பசி மழை வந்துவிடும். இந்த நடையில் ஆணைக்குழு எங்கே வருகிறது? பெரும்பாலும் கோப்பு முழுதாகத் தயாரான பிறகு, ஒப்புதல் தீர்மானத்துக்காக வருகிறது. மாவட்டத்தில் ஒழுகும் நூலகங்கள் பத்து இருந்தால் எதை முதலில் சீர்செய்வது, ஏன் என்பதுதான் ஒரு குழு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வரும் இடமா, வேறு போக்கிடமே இல்லாத ஊரா என்று எடைபோட்டுச் சொல்ல வேண்டியவர்கள் அந்த மாவட்டத்து மக்களின் பிரதிநிதிகள். அந்த விவாதம் நடந்ததாகவோ, நடந்தால் என்ன பேசினார்கள் என்றோ வாசகருக்குத் தெரிய வழியில்லை.

நூல் வாங்குவதிலும் இதே கதைதான். பொது நூலகங்களுக்கென்று தனி இயக்ககம் 1972-இல் வந்தது. மாநிலம் முழுவதும் 4,600-க்கும் மேற்பட்ட நூலகங்களை ஒரே குடையின் கீழ் நிர்வகிக்க அது தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஊர்ப்புற நூலகங்கள் வரை வலைப்பின்னல் விரிந்ததில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால், கொள்முதலின் மையமும் சென்னைக்கு நகர்ந்துவிட்டது. எந்த நூல், எத்தனை படி, என்ன விலை என்பவை மாநில அளவில் தீர்மானமாகின்றன. விண்ணப்பம் முதல் தேர்வு வரை இணையவழியில் நடக்க வேண்டும் என்கிற வெளிப்படையான கொள்முதல் கொள்கை 2024-இல் வந்திருப்பது நல்ல மாற்றம். அதன் பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: நாகப்பட்டினத்து மீனவக் குப்பத்து வாசகருக்கும் நீலகிரியின் தேயிலைத் தோட்டத்து வாசகருக்கும் என்ன வேறுபாடு என்பதை யார் சொல்வது? அதைச் சொல்லத்தான் மாவட்டந்தோறும் குழு வைத்தார்கள்.

குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பதைப் பார்த்தால் தேய்ந்ததன் காரணம் விளங்கும். சட்டம் எழுதப்பட்டபோது உள்ளாட்சி மன்றங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர்களுக்கு அதில் இடம் இருந்தது. அவர்களோடு கல்வித் துறையிலிருந்து அரசு நியமிப்பவர்களும் உட்கார வேண்டும். அப்போது மாவட்டந்தோறும் ஜில்லா போர்டுகள் இருந்தன. 1958-ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தோடு அவை போயின. பின்னர் வந்த உள்ளாட்சி அமைப்புகளின் கதை நமக்குத் தெரிந்ததே. 2016-இல் பதவிக்காலம் முடிந்த பிறகு ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் தொடங்கியது, நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் வந்தது. மன்றமே இல்லாதபோது மன்றத்தின் பிரதிநிதி எங்கிருந்து வருவார்? ஆணைக்குழுக்களின் நாற்காலிகளும் பல மாவட்டங்களில் நீண்ட காலம் காலியாகக் கிடந்தன. ஆயிரக்கணக்கான பள்ளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த முதன்மைக் கல்வி அலுவலர்கள் இதையும் கூடுதல் பொறுப்பாகச் சுமந்தார்கள். அண்மை ஆண்டுகளில் தலைவர்கள் மீண்டும் நியமிக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால், நியமனம் ஆளுங்கட்சியின் கையில் இருக்கும்வரை, அந்த நாற்காலி கட்சிக்காரருக்குக் கிடைக்கும் ஒரு பதவியாகவே ஊரில் பார்க்கப்படும். அதில் உட்காருகிறவர் நூலகத்தை எவ்வளவு நேசிப்பவராக இருந்தாலும், ஆட்சி மாறும் நாளில் அவரும் மாறிவிடுவார்.

பலவீனமான குழுவால் தனக்கு வர வேண்டிய பணத்தையே கேட்டு வாங்க முடிவதில்லை. நூலக வரியை ஆணைக்குழு நேரடியாக வசூலிப்பதில்லை. மாநகராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும் சொத்து வரியோடு சேர்த்து வசூலித்து அதனிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காமல் நிலுவை வைப்பதும், அந்தப் பணம் வேறு செலவுகளில் கரைந்துபோவதும் ஆண்டுக்கணக்காகச் செய்திகளில் வருகின்றன. மக்கள் நூலகத்துக்கென்று கொடுத்த பணம் அது; இடையில் இருப்பவர் தபால்காரர் மட்டுமே. வலுவான ஆணைக்குழுவாக இருந்தால் ஆண்டு முடிவில் எந்த உள்ளாட்சி எவ்வளவு பாக்கி என்று பட்டியல் வெளியிட்டிருக்கும், வழக்கும் தொடுத்திருக்கும். அந்த உரிமை அதற்குச் சட்டப்படியே இருக்கிறது.

இன்னொரு கோணல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சென்னை நகரம் நீங்கலாக, வசூலாகும் நூலக வரிக்குக் குறையாத தொகையை அரசும் தர வேண்டும் என்று விதித்தார்கள். எண்ணம் பெருந்தன்மையானது. ஆனால், சொத்து வரி எங்கே அதிகமோ அங்கேதான் நூலக வரியும் அதிகம், அரசின் பங்கும் அதிகம். கோவையின் கட்டடங்களும் பெரம்பலூரின் ஓட்டு வீடுகளும் ஒரே வரி தர முடியாது. புத்தகம் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் நிறைந்த மாவட்டத்துக்குத்தான் பொது நூலகம் கூடுதலாகத் தேவை. இந்தக் கணக்குப்படி அதற்குத்தான் குறைவாகக் கிடைக்கும். சட்டத்தைத் திருத்தும்போது முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுவென்று நினைக்கிறேன்.

ஆணைக்குழுவே இல்லாத நூலகங்களில் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடம் பாடம் இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. அது மாநில அரசின் நேரடி நிர்வாகத்தில் உள்ளது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. 2011 நவம்பர் 2 அன்று, நூலகத்தை அங்கிருந்து நுங்கம்பாக்கத்தில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்துக்கு மாற்றிவிட்டு அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக ஆக்கப்போவதாக அமைச்சரவை முடிவெடுத்தது. குழந்தைகளுக்கு மருத்துவமனை வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால், அந்த முடிவுக்கு முன்னால் வாசகரிடமோ நூலகரிடமோ கல்வியாளரிடமோ கருத்துக் கேட்கும் கடமை யாருக்கும் இருக்கவில்லை. வாசகர்களுக்கு எஞ்சியிருந்த ஒரே கதவு உயர் நீதிமன்றம்தான். அது தடை விதித்ததால் நூலகம் பிழைத்தது. பிழைத்தாலும் நெடுங்காலம் பராமரிப்பின்றிக் கிடந்தது. வசதிகளைச் சரிசெய்யவும் நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. பொறுப்புள்ள ஓர் ஆட்சிக்குழுவும், அதன் இசைவு இல்லாமல் கட்டடத்தை மாற்ற முடியாது என்கிற விதியும் இருந்திருந்தால் அந்த ஆண்டுகள் வீணாகியிருக்காது. 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்திருக்கிறது. அதைப் பாதுகாக்கவும் வாசகர் பங்கேற்கும் ஒரு குழு இன்றே வேண்டும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உள்ளூர்க் குழுவுக்கு அதிகாரம் கொடுத்தால், உள்ளூரின் சாதியும் மதமும் கட்சியும் அதோடு உள்ளே வந்துவிடாதா? பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் எழுந்த கொந்தளிப்பையும், 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் எழுத்தாளர் பணிய நேர்ந்ததையும் நாம் பார்த்தோம். அந்த வாரத்தில் ஒரு மாவட்ட ஆணைக்குழு கூடி அந்த நாவலை வைத்துக்கொள்வதா என்று வாக்கெடுத்திருந்தால் முடிவு என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூரில், தன்பாலின ஈர்ப்பு பற்றிய சில நூல்கள் அலமாரியில் இருந்ததற்காக 2022-இல் வாக்காளர்கள் இருமுறை நூலக வரியையே நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டு மனம் மாறி வாக்களித்த பிறகே நூலகம் தப்பியது.

எனவே கோடு ஒன்றைத் தெளிவாகக் கிழிக்க வேண்டும். பணம், கட்டடம், நேரம், முன்னுரிமை ஆகியவை குழுவின் கையில் இருக்கட்டும். தனித்தனி நூல்களைத் தேர்வதும் நீக்குவதும் பயிற்சி பெற்ற நூலகரிடமும், வெளிப்படையான விதிகளுக்கு உட்பட்ட தேர்வுக் குழுவிடமும் இருக்க வேண்டும். ஒரு நூலைப் பற்றிப் புகார் வந்தால் அதை எழுத்தில் வாங்கி, காரணத்தோடு பதில் தரும் முறை இருக்க வேண்டும். ஆணைக்குழு உறுப்பினர் ஒருவர் நூலகருக்குத் தொலைபேசியில் சொல்லிப் புத்தகத்தை எடுக்கவைப்பது விதிமீறலாகக் கருதப்பட வேண்டும்.

தேர்தல் என்றாலே குழப்பம் என்று சொல்பவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். கேரளத்தில் பி.என்.பணிக்கர் 1945-இல் தொடங்கிவைத்த நூலக இயக்கம் இன்று 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அங்கே ஊர் நூலகத்தின் உறுப்பினர்களே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வட்டம், மாவட்டம், மாநிலம் என்று நூலக கவுன்சில்களும் தேர்தலால் அமைகின்றன. கட்சிப் போட்டி அங்கேயும் உண்டு. ஆனாலும், ஊர்க்காரர்கள் தங்கள் நூலகத்தைத் தங்களுடையது என்று பேசுவதை அங்கே போய்வருகிற எவரும் கேட்கலாம். நம்மிடம் முழுநேரப் பணியாளரும் நிலையான வரியும் இருக்கின்றன. அவற்றை விட்டுக்கொடுக்காமலே அந்த உரிமையுணர்வையும் பெற முடியும். அதற்கான விதை வாசகர் வட்டம் என்ற பெயரில் நம் நூலகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. மாவட்டத்தின் வாசகர் வட்டங்கள் கூடித் தங்களுக்குள் சிலரைத் தேர்ந்து ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். அவர்களில் ஒரு பெண்ணும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஓர் இளைஞரும் இருக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். பகல் முழுவதும் நூலக மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த இளைஞர்கள்தான்.

இதற்குச் சட்டத் திருத்தம் தேவைப்படும். திருத்தம் பற்றி ஆராய அரசே ஒரு குழு அமைத்தது. சட்டம் திருத்தப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அமைப்பும் தன் குழுக்கள் எவை, அவற்றின் கூட்டங்களில் பொதுமக்கள் கலந்துகொள்ள முடியுமா, நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்க்க முடியுமா என்பதைத் தானாகவே வெளியிடச் சொல்கிறது. யாரும் மனுப் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. ஆணைக்குழுக் கூட்டத்தின் தேதியும் நிகழ்ச்சிநிரலும் ஒவ்வொரு கிளை நூலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் முன்கூட்டியே வர வேண்டும். கூட்டம் முடிந்ததும் தீர்மானங்கள் வர வேண்டும். உள்ளாட்சிகளின் நூலக வரி நிலுவைப் பட்டியல் அரையாண்டுக்கு ஒருமுறை வர வேண்டும். ஊர்ப்புற நூலகத்தின் வரவு செலவைக் கிராம சபையில் வாசிக்கலாம். வாசகர் வட்டங்கள் இவற்றைக் கேட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு இந்த மாதமே கடிதம் எழுதலாம்.