பந்து வீசும் துப்பாக்கி: விளையாட்டா, விபரீதமா?

கோல்ப் பந்தை மட்டையால் அடிப்பார்கள். அமெரிக்காவில் சிலர் அதைத் துப்பாக்கியால் சுடுகிறார்கள்!

இதற்கென்றே அங்கே ஒரு கருவி விற்கிறது. பார்ப்பதற்குப் பெரிய டம்ளர் போல இருக்கும். அதை 'ஏ.ஆர்.15' என்னும் துப்பாக்கியின் குழல் நுனியில் மாட்டவேண்டும். உள்ளே பந்தைப் போட்டு விசையை இழுத்தால், பந்து நூறு கெஜத்துக்கு அப்பால் போய் விழும். சோடா டின்னை வீசும் கருவியும் உண்டு. காசு கொழுத்த நாட்டில் பொழுதுபோக்குக்குப் பஞ்சமா?

பந்தைத் தள்ளுவது குண்டு அல்ல. இதற்கு வெற்றுத் தோட்டாவைப் போடவேண்டும். அதில் மருந்து மட்டும் இருக்கும், குண்டு இருக்காது. மருந்து எரியும்போது கிளம்பும் வாயு பந்தை உந்தித் தள்ளுகிறது.

ஆபத்து எங்கே? அதே துப்பாக்கி நிஜத் தோட்டாவையும் ஏற்றுக்கொள்ளும்! பையில் பத்து வெற்றுத் தோட்டாவோடு ஒரு நிஜத் தோட்டா கலந்துவிட்டால் என்ன ஆகும்? குண்டு வினாடிக்கு 900 மீட்டருக்கும் அதிக வேகத்தில் வந்து பந்தில் மோதும். டம்ளர் வெடித்துச் சிதறலாம். சிதறிய துண்டு சுட்டவர் முகத்திலேயே பாயலாம். எதிரே வேடிக்கை பார்ப்பவர் கதியோ கேட்கவே வேண்டாம்.

"தோட்டா அப்படி மாறிவிடுமா?" என்று நீங்கள் கேட்கலாம். மாறியிருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் நியூமெக்சிகோவில் 'ரஸ்ட்' என்ற படப்பிடிப்பு நடந்தது. நடிப்புக்கான போலித் தோட்டாக்களோடு நிஜத் தோட்டா ஒன்று கலந்துவிட்டது. காமிராப் பெண்மணி ஹலினா ஹட்சின்ஸ் குண்டு பாய்ந்து இறந்தார். துப்பாக்கிகளைக் கவனிப்பதற்கென்றே அங்கே ஒருவர் சம்பளத்துக்கு இருந்தார். 2024-இல் அவருக்கு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. படப்பிடிப்பிலேயே இப்படி என்றால், கொல்லைப்புறத்தில் கும்மாளம் போடும் நண்பர்களிடம் தோட்டாவைச் சரிபார்ப்பது யார்?

வெற்றுத் தோட்டாவும் சாதுவல்ல. குங்பூ நடிகர் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீயும் நடிகர்தான். 1993-இல் ஒரு படப்பிடிப்பில் அவரைச் சுடுவதுபோல் காட்சி. போட்டது வெற்றுத் தோட்டாதான். ஆனால் முன்பு போட்ட போலித் தோட்டாவின் குண்டு கழன்று குழலுக்குள் சிக்கியிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. வெற்றுத் தோட்டாவின் வாயு அந்தக் குண்டைத் தள்ளியது. அவர் வயிற்றில் பாய்ந்தது. அன்றே இறந்தார். வயது 28! பந்தை வீசுவதும் இதே வாயுதான்.

இந்தச் சூழ்ச்சி ஒன்றும் புதிதல்ல. முதல் உலகப்போரிலேயே பிரிட்டிஷ் சிப்பாய்கள் துப்பாக்கி நுனியில் கிண்ணம் மாட்டிக் கையெறி குண்டுகளை வீசினார்கள். அதிர்ச்சி பலமாக இருந்ததால், துப்பாக்கியைத் தோளில் வைக்கமாட்டார்கள். அடிக்கட்டையைத் தரையில் ஊன்றிச் சுடுவார்கள். துப்பாக்கி பிளந்துவிடாமலிருக்க அதன்மேல் கம்பியை இறுகச் சுற்றினார்கள். இந்தியப் படையிடமும் அப்படிக் கம்பி சுற்றிய துப்பாக்கிகள் இருந்தன. கிண்ணம் மாட்டவென்று அவற்றைத் தனியாக ஒதுக்கி வைத்தார்கள்.

பந்து வீசும் அமெரிக்கரோ, காலையில் டம்ளரை மாட்டிப் பந்து வீசிவிட்டு, மாலையில் அதைக் கழற்றி, அதே துப்பாக்கியில் நிஜத் தோட்டா போட்டுக் குறி பார்க்கிறார்.