ஆடிக்கூழுக்கு ஒரு மேசை: திருகோணமலை உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய உறவுகளே,

ஆடிப்பிறப்புக் கிழமையில் உப்புவெளி, நிலாவெளிக் கரையோர உணவகங்களின் சாப்பாட்டுப் பட்டியல்கள் படங்களாக ஜேர்மனியில் உள்ள எங்கள் கைபேசிகளுக்கு வந்தன. பான்கேக் இருந்தது, பாஸ்தா இருந்தது, பேர்கர் இருந்தது. சோறும் கறியும் என்று ஒரு வரி இருந்தது. ஆடிக்கூழ் எதிலும் இல்லை. கொழுக்கட்டையும் இல்லை. வெளிநாட்டு விருந்தினர் நிறைந்திருக்கும் பருவத்தின் நடுவில், ஊரின் மிகச் சிறந்த இனிப்பு உணவுக்குரிய அந்த ஒரே நாளில், ஊர் தன் பானையை உள்வீட்டில் மூடிவைத்துவிட்டது. இதற்கெல்லாம் மடல் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும் என்றே நினைக்கிறேன். ஒரு பானைக் கூழை மதிக்கத் தவறும் ஊர் நாளை தன் பெயரையும் மதிக்காமல் விடும் என்பது என் வாதம். காரணங்களைக் கேட்டபின் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஜேர்மன் சாப்பாடு என்றால் உருளைக்கிழங்கு, சொசேஜ், பியர் என்று ஊரில் சொல்லி முடித்துவிடுவார்கள். இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும், இவர்களின் உணவு நாள்காட்டியோடு கட்டப்பட்டது. சித்திரையில் வெள்ளை அஸ்பராகஸ் தண்டுகள் வீதியோரக் கொட்டில்களுக்கு வரும். யூன் 24, புனித யோவான் திருநாளோடு வெட்டுவதை நிறுத்திவிடுவார்கள். மிச்சத் தண்டுகளை வளரவிட்டு வேர் தேறினால்தான் அடுத்த ஆண்டு விளைச்சல் உண்டு. அதற்குப் பிறகு எவ்வளவு காசு கொடுத்தாலும் அடுத்த சித்திரைவரை காத்திருக்க வேண்டும் என்பதை இந்த நாட்டார் ஒரு குறையாகவே நினைப்பதில்லை. நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் பிள்ளைகள் விளக்கேந்தித் தெருவில் போவார்கள். அந்த நாள்களின் சமையல் வாட்டிய வாத்து. வடக்கே பிறேமன், ஒல்டன்பேர்க் பக்கங்களில் மாரிகாலத்தில் நண்பர்களும் வேலைத்தள ஆட்களும் கூட்டமாக வயல்வெளிகளில் நடந்து, நடையின் முடிவில் ஒரு வகைக் கோவா இலைக்கறியும் சொசேஜும் உண்பார்கள். நத்தாருக்கு நான்கு கிழமைக்கு முன்னரே ஊருக்கு ஊர் சந்தை தொடங்கும். அங்கே நூர்ன்பேர்க்கின் தேனும் வாசனைச் சரக்கும் சேர்ந்த கேக்குக்குத் தனி மரியாதை. ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நாளும் ஓர் ஊரும் இருப்பதால்தான் அந்த நாளில் அந்த ஊருக்கு மக்கள் பயணம் போகிறார்கள்.

டிறெஸ்டன் நகரத்தின் கதை நம் ஊருக்கு நேராகப் பொருந்தும். அங்குள்ள நத்தார்ச் சந்தை பற்றிய முதல் பதிவு 1434ஆம் ஆண்டுக்குரியது. அந்தச் சந்தையின் அடையாளம் ஸ்ரொலன் எனப்படும் உலர்திராட்சைப் பாண். நத்தாருக்கு முந்திய நாள்கள் நோன்புக் காலம் என்பதால் வெண்ணெய்க்குத் தடை இருந்தது. அக்காலத்து ஸ்ரொலன் சுவையற்ற நோன்புப் பண்டமாகவே இருந்தது. 1491இல் பாப்பரசர் வெண்ணெய்க்கு அனுமதி கொடுத்தபின்தான் அது இன்றைய சுவைக்கு வந்தது. டிறெஸ்டன் ஸ்ரொலன் என்ற பெயரை அந்த நகரத்தையும் அதன் அயலையும் தவிர வேறு எந்த ஊர்ப் பேக்கரியும் வைக்க முடியாது. 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அதைக் காக்கிறது. மாவில் பாதியளவுக்காவது வெண்ணெய் சேர வேண்டும், மாஜரினும் செயற்கை வாசனையும் கூடாது, எந்தப் பேக்கரி செய்தது என்று காட்டும் இலக்கத்தோடு பொன்னிற முத்திரை ஒட்ட வேண்டும் என்பவை விதிகள். இந்த நகரம் 1945 பெப்ரவரியில் குண்டுவீச்சில் எரிந்து கிடந்தது. அதன்பின் 40 ஆண்டுகள் வேறோர் ஆட்சியின் கீழ் இருந்தது. நாடு ஒன்றுபட்ட பின், 1994இல், ஸ்ரொலனுக்கென்றே ஒரு விழாவைத் தொடங்கினார்கள். இராட்சத ஸ்ரொலன் ஒன்று ஊர்வலமாகச் சந்தைக்குப் போய், அங்கே வெட்டி விற்கப்படுகிறது. போரிலிருந்து எழுந்த ஊருக்குச் சாப்பாடு சின்ன விடயம் என்று அவர்கள் எண்ணவில்லை.

பாட் டூர்க்ஹைம் என்ற சிறிய ஊர் இன்னும் தெளிவான சான்று. அதன் மக்கள்தொகை சுமார் 20,000. அங்கே ஒரு குன்றின்மேல் இருந்த புனித மிக்கேல் ஆலயத்துக்கு யாத்திரிகர்கள் போவார்கள். அவர்களுக்கு அயல் கமக்காரர்கள் வைனும் சொசேஜும் விற்றார்கள். 1417ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டாடும் அந்தச் சந்தை இன்று உலகின் மிகப் பெரிய வைன் விழா என்று பெயர் பெற்றிருக்கிறது. ஒவ்வொரு புரட்டாதியிலும் ஆறு இலட்சம் பேருக்குமேல் வருகிறார்கள். குன்று, கோயில், யாத்திரை, அடிவாரத்தில் சாப்பாடு. கோணேசர் மலையின் அடியில் பிறந்தவர்களுக்கு இதில் புரியாதது எதுவுமில்லை. அவர்கள் தங்கள் அடிவாரத்தை 600 ஆண்டுகள் கைவிடவில்லை என்பதுதான் வேறுபாடு.

இனி நம் நாள்காட்டியைப் பாருங்கள். நம் கரையில் கடல் அமைதியாகி விருந்தினர் வரும் பருவம் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. யூலை நடுவில் ஆடிப்பிறப்பு. அதன்பின் ஆடி அமாவாசைத் தீர்த்தம், ஆடிப்பூரம், அம்மன் கோயில்களின் பொங்கலும் வேள்வியும். பல ஊர்கள் விளம்பரத்துக்குக் காசு கொட்டி உருவாக்க நினைக்கும் பொருத்தம் நமக்கு இயற்கையாகவே கிடைத்திருக்கிறது. கூழைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வறுத்த பயறு, அரிசிமா, தேங்காய்ப்பால், பனங்கட்டி, தேங்காய்ச் சொட்டு, ஏலம். பலா இலையை மடித்து ஈர்க்குக் குத்திய கரண்டி. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் இதற்கென்றே ஒரு பாடல் பாடியதால் ஈழத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இதைப் பள்ளியில் படித்தார்கள். இலங்கைக்கு வரும் பயணிகளில் ஜேர்மன்காரர் எப்போதும் முன்வரிசையில் இருப்பவர்கள். தங்கள் வீட்டில் பாலில் வேகவைத்த சோற்றுக்குச் சீனியும் கறுவாத்தூளும் தூவி உண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். இறைச்சியும் பாலும் முட்டையும் தவிர்ப்போர் அவர்களிடையே பெருகிவருகிறார்கள். நம் கூழில் இவை எதுவுமில்லை. அவர்களுக்குக் கூழ் பிடிக்காது என்று முடிவு செய்தது யார்? அவர்களுக்கு ஒரு கிண்ணம் கொடுத்துப் பார்த்தபின்னா அந்த முடிவு வந்தது?

வெளிநாட்டாரைவிட எனக்கு வலிக்கும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஐரோப்பாவில் கோடைகாலப் பள்ளி விடுமுறை இதே நாள்களில்தான். எங்கள் பிள்ளைகளை நாங்கள் ஊருக்குக் கூட்டி வருவதும் இதே நாள்களில்தான். டொச் மொழியில் படித்து மருத்துவராகவும் பொறியியலாளராகவும் நிமிர்ந்து நிற்கும் பிள்ளைகள். அவர்களை நினைத்து நாங்கள் பெருமைப்படுவது நியாயம். அந்தப் பிள்ளைகள் தாய்தந்தையரின் ஊருக்கு வந்து, நிலாவெளியில் குந்தி, பிராங்க்பேர்ட்டில் கிடைக்கும் அதே பான்கேக்கை உண்டு திரும்புகிறார்கள். தங்களுக்கு ஓர் ஊர் உண்டு என்பதை அவர்கள் எதைக்கொண்டு அறிவார்கள்?

இதை நான் ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறேன் என்றால், கல்லைவிட வழக்கம் நீண்டு வாழும் என்பதை உலகுக்குக் காட்டிய ஊர் நம்முடையது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். கோயில் இல்லாத காலத்திலும் பாறை உச்சியில் நின்று கடலை நோக்கிப் பூசை நடந்ததை ஆங்கிலேயர் காலக் குறிப்புகள் சொல்கின்றன. 1950இல் மண்ணுக்குள்ளிருந்து விக்கிரகங்கள் வெளிவந்தபோதும், 1963இல் குடமுழுக்கு நடந்தபோதும், வழிபட ஒரு மக்கள் காத்திருந்தார்கள் என்பதுதான் அற்புதம். செய்துகொண்டே இருந்தவர்களுக்கு இடம் திரும்பக் கிடைத்தது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிய பிணக்கு 2019இல் நீதிமன்றம்வரை போனது. அந்த இடத்தில் தலைமுறைகளாக அந்தியேட்டிக் கிரியை செய்து வந்தோம் என்பதுதான் நம் கையில் இருந்த வலுவான சாட்சி. பழக்கம் என்பது உரிமையின் பத்திரம். ஆடிக்கூழ் காய்ச்சும் வீடு, தான் அறியாமலே அந்தப் பத்திரத்தில் ஆண்டுதோறும் கையொப்பமிடுகிறது. அதை நிறுத்தினால், நாம் இங்கே எப்படி வாழ்ந்தோம் என்று கேட்பவருக்குக் காட்ட ஒன்று குறைந்துபோகும்.

மறுப்புகள் எனக்குத் தெரியும். கேட்பதைக் கொடுப்பதுதான் வியாபாரம் என்பார்கள். விருந்தினர் பலகையில் இருப்பதைத்தான் கேட்கிறார்கள். 1961 ஒப்பந்தத்தின் பின் துருக்கித் தொழிலாளர் ஜேர்மனிக்கு வந்தபோது டோனர் வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. அவர்கள் தங்கள் உணவை வீதியில் வைத்தார்கள். இன்று அது இல்லாத ஜேர்மன் நகரமே இல்லை. பான்கேக்கை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் கூழுக்கும் ஒரு வரி வேண்டும் என்கிறேன்.

கோயில் விடயத்தைச் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது என்பவர்களை நான் மதிக்கிறேன். கருவறையை யாருக்கும் காட்சியாக்க வேண்டியதில்லை. ஆனால் கருவறைக்கும் தெருவுக்கும் நடுவே நம் முன்னோர் எப்போதும் ஓர் இடம் விட்டிருந்தார்கள். தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் கடலைக்கடையும் அந்த இடத்துக்குரியவை. ஜேர்மனியின் ஹம் நகரில் 2002இல் எழுந்த ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த்திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் வருகிறார்கள், அவர்களில் ஜேர்மன் அயலாரும் உண்டு. தீர்த்தம் அங்குள்ள கால்வாயில் நடக்கிறது. வீதியில் நம் சாப்பாட்டுக் கடைகள் நிறைகின்றன. அம்பாளின் புனிதம் எள்ளளவும் குறையவில்லை. கால்வாய்க் கரையில் அகதிகள் செய்ததைக் கோணேசர் கடற்கரையில் உரிமையாளர்கள் செய்ய முடியாதா?

ஒக்டோபர் விழாவைப் போல நாமும் ஒன்று வைப்போம் என்று யாராவது புறப்பட்டால் அதையும் எதிர்ப்பேன். 1810இல் ஓர் அரச திருமணத்தில் பிறந்த அந்த விழாவுக்கு 2023இல் 72 இலட்சம் பேர் போனார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே மியூனிக் நகரத்து மதுவடிசாலைகளின் பியரை மட்டுமே விற்கலாம். அவர்களிடம் படிக்க வேண்டியது அந்தப் பிடிவாதத்தைத்தான். நம்முடைய பிடிவாதம் பனங்கட்டியிலும் தேங்காய்ப்பாலிலும் இருக்கட்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிருக்கும், நோன்புக் கஞ்சிக்கும், திருக்கடலூர் மீனுக்கும் அதே மரியாதை கிடைக்கட்டும். இந்தத் துறைமுகம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதல்ல. எல்லார் பானைக்கும் அதில் இடமுண்டு.

கடைசி மறுப்புக்கு வருகிறேன். ஊரை விட்டுப் போனவர்களுக்கு ஊருக்குப் புத்தி சொல்ல என்ன உரிமை? நீங்கள் போரையும் 2004 கடற்கோளையும் 2022 பொருளாதார நெருக்கடியின் வரிசைகளையும் அங்கேயே நின்று தாங்கினீர்கள். தேங்காய் விலை ஏறியபோது கூழை விட்டதற்கு உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. 1980களில் கிழக்கு பெர்லின் வழியாக இங்கு வந்த நம்மவர்கள், மாவட்ட எல்லை தாண்டவே அனுமதி கேட்கவேண்டிய அகதிகளாகத் தொடங்கி ஒரு வாழ்வைக் கட்டினார்கள். அந்தப் பெருமை எங்களுடையது. நீங்கள் காவல் இருந்த வீட்டை நாங்கள் விட்டு வந்தோம் என்ற பாரமும் எங்களுடையதே. ஆகவே இதை ஆணையாகச் சொல்லாமல் வேண்டுகோளாகக் கேட்கிறேன். விலை தாங்க முடியாத கூழை, விலை கொடுக்கக்கூடிய விருந்தினருக்கு விற்றால் திருக்கடலூரிலும் சாம்பல்தீவிலும் சல்லியிலும் உள்ள பெண்களின் கைக்கு நேரடியாகக் காசு வரும். அப்போது வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு கிண்ணம் மிஞ்சும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பிரதேச சபை ஒரு நாளுக்குக் கடற்கரையில் இடம் ஒதுக்கட்டும். மாதர் சங்கங்கள் பானை வைக்கட்டும். விடுதிக்காரர்கள் ஆடிப்பிறப்பு என்ன நாள் என்று நான்கு வரி எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் டொச்சிலும் வாசலில் ஒட்டட்டும். டொச் வரிகளை எழுதித்தர இங்குள்ள பிள்ளைகளைக் கேளுங்கள்; மறுக்கமாட்டார்கள். முதல் ஆண்டுச் செலவில் பங்கெடுக்கப் புலம்பெயர்ந்த நாங்கள் கடமைப்பட்டவர்கள். அடுத்த ஆடி முதலாம் நாள், உப்புவெளிக் கரையில் கூழுக்கு ஒரு மேசை போடுங்கள்.

ஜேர்மனியிலிருந்து,
உங்கள் ஊரவன் ஒருவன்