காப்டன் ஆவதற்கு ராஜ வம்சம் எதற்கு?

அவர் ஒரு மகாராஜா. போர்பந்தர் சமஸ்தானத்தை ஆண்டவர். 1932-ம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய இந்திய கிரிக்கெட் கோஷ்டிக்கு அவர்தான் காப்டன்.

அந்தப் பயணத்தின் முதல் தரப் பந்தயங்களில் அவர் எடுத்த ரன் எவ்வளவு தெரியுமா? இரண்டு! ஒரே பந்தயத்தில் அல்ல. எல்லாம் சேர்த்து இரண்டு!

சிரிப்பு வருகிறது அல்லவா? ஆனால் அவர் அடுத்துச் செய்த காரியம் சிரிப்புக்கு உரியது அல்ல. நாட்டுக்கு நாடு மோதும் பெரிய பந்தயத்துக்கு ‘டெஸ்ட்’ என்று பெயர். இந்தியாவின் முதல் டெஸ்ட் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்தது. அதற்கு மகாராஜா தாமாகவே ஒதுங்கிக்கொண்டார். சி. கே. நாயுடுவைக் காப்டன் ஆக்கினார். அன்று 19 ரன் எடுப்பதற்குள் இங்கிலாந்து 3 பேரை இழந்தது. முடிவில் இந்தியா தோற்றாலும், கௌரவமான தோல்வி!

தன் தகுதி இவ்வளவுதான் என்று அறிந்திருந்தார், அந்த மகாராஜா. எல்லாருக்கும் அந்த அறிவு இருக்கவில்லை.

மகாராஜகுமாரர் வந்தார்

1936-ல் மறுபடியும் இங்கிலாந்துப் பயணம். இந்தத் தடவை காப்டன், ஆந்திராவில் உள்ள விஜயநகரத்தின் மகாராஜகுமாரர். ‘விஜி’ என்று செல்லமாக அழைப்பார்கள்.

அவர் கிரிக்கெட்டுக்காகப் பணத்தை வாரி இறைத்தவர். ஹாப்ஸ், சட்கிளிப் போன்ற இங்கிலாந்து வீரர்களை வரவழைத்து, தம் கோஷ்டியில் ஆடவைத்தவர். அதைப் பாராட்டத்தான் வேண்டும். ராஜாக்களின் பணம் இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் பல வீரர்களுக்குப் பிழைப்பே இல்லை.

ஆனால் கல்யாணச் செலவைப் பெரியப்பா ஏற்றுக்கொண்டார் என்பதற்காக, அவரே மாப்பிள்ளையாக மணவறையில் உட்கார முடியுமா?

விஜி உட்கார்ந்தார். நாயுடு அவருக்குக் கீழே ஆட வேண்டியதாயிற்று.

லாலா அமர்நாத் என்ற வீரர், இந்தியாவுக்காக டெஸ்டில் முதல் சதம் அடித்தவர். ஒரு பந்தயத்தில் அவர் காலில் பேடு கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவரை விட்டுவிட்டு மற்றவர்களை ஆட அனுப்பினார்கள். பொறுமை இழந்த அமர்நாத், சாமான்களை வீசி எறிந்து, கோபமாகப் பேசிவிட்டார். அவ்வளவுதான்! முதல் டெஸ்ட் தொடங்கும் முன்பே அவரைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர் பேசியது தவறுதான். அதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா? பிறகு நடந்த விசாரணையில், அமர்நாத் மீது குற்றம் இல்லை என்று தீர்ப்பாயிற்று. அதற்குள் டெஸ்ட் பந்தயங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. மூன்றில் இரண்டில் இந்தியாவுக்குத் தோல்வி. மூன்றிலும் சேர்த்துக் காப்டன் எடுத்தது 33 ரன். ஆனாலும் அந்தப் பயணத்தின்போதே அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது!

சென்னை வீரரின் கதை

அந்தக் கோஷ்டியில் சென்னைக்காரர்களும் இருந்தார்கள். சி. ராமசுவாமி 40 வயதில் முதல் டெஸ்ட் ஆடி, 40, 60 என்று ரன் எடுத்து அசத்தினார்.

இன்னொருவர் எம். ஜே. கோபாலன். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் கெட்டிக்காரர். 1935-ல் தயான் சந்தோடு நியூசிலாந்து போய் ஹாக்கி ஆடியவர். 1936-ல் அவர் முன்னே இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று, பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி. மற்றது, இங்கிலாந்தில் கிரிக்கெட். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

மூன்று டெஸ்டிலும் காப்டனுக்கு இடம் இருந்தது. கோபாலனுக்கு ஒன்றில்கூட இடம் கிடைக்கவில்லை.

ஆகஸ்டு 15-ந் தேதி லண்டன் ஓவல் மைதானத்தில் மகாராஜகுமாரரின் தலைமையில் கடைசி டெஸ்ட் தொடங்கியது. கோபாலன் அன்றும் வெளியேதான். அதே நாளில் பெர்லினில், தயான் சந்தின் ஹாக்கி கோஷ்டி 8–1 என்ற கோல் கணக்கில் ஜெர்மனியைத் தோற்கடித்துத் தங்கப் பதக்கத்தை வாங்கிக்கொண்டிருந்தது.