நாலு புடவை, மூணு ரவிக்கை: ரெண்டு வாரம் கவலை இல்லை!

தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்குப் போகும் காலை மின்சார ரயில். பெண்கள் பெட்டி. குரோம்பேட்டையில் ஒரு பெண்மணி ஏறுகிறார். உட்கார இடம் கிடைக்கும் முன்பே கேள்வி வந்து விழுகிறது.

"என்னக்கா, திங்கக்கிழமை கட்டின அதே புடவையா?"

கேட்டவர் சும்மாதான் கேட்டார். கேட்கப்பட்டவரோ அதன் பிறகு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போகிறார். சாயங்காலம் திரும்பும்போது மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்துவிடுகிறார். கையில் இருப்பது பையனுக்குக் கட்ட வேண்டிய டியூஷன் பணம்.

இந்த ஒரு கேள்வியால் இந்த ஊரில் எத்தனை வீட்டு பட்ஜெட்டில் துண்டு விழுகிறது!

ஆம்பளையை யார் கேட்டது?

அதே ரயிலில் அடுத்த பெட்டியில் போகிற குமாஸ்தாவைப் பாருங்கள். கறுப்பு பேண்ட் ஒன்று, சந்தனக் கலர் பேண்ட் ஒன்று. வெளிர் நிறத்தில் நாலு சட்டை. மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வருஷத்தையே ஓட்டிவிடுகிறார். "என்ன சார், அதே பேண்ட்டா?" என்று எவனாவது கேட்டது உண்டா? கேட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்.

இது இங்கே மட்டும் நடக்கிற கதை இல்லை. ஆஸ்திரேலியாவில் கார்ல் ஸ்டெஃபானோவிக் என்று ஒருவர், டெலிவிஷனில் காலை நிகழ்ச்சி நடத்தி வந்தார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஒரே நீல சூட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வேண்டுமென்றேதான்! கூட உட்காரும் பெண் அறிவிப்பாளர் என்ன உடுத்தினாலும் நேயர்கள் குறை சொல்லி எழுதுகிறார்களே, தன்னை யாராவது கேட்கிறார்களா பார்ப்போம் என்று. ஒரு ஆளும் கேட்கவில்லை. 2014-ல் அவரே வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

ஜெர்மனியை 2005 முதல் 2021 வரை ஆண்ட அம்மையார் ஏஞ்சலா மெர்கல் வேறு வழி கண்டுபிடித்தார். ஒரே வெட்டில் தைத்த ஜாக்கெட்டுகள். கலர் மட்டும் மாறும். கீழே பெரும்பாலும் கறுப்பு பேண்ட். நாட்டை ஆள அது போதுமாக இருந்தது. ஆபீசில் லெட்ஜர் எழுதப் போதாதா?

கணக்கு போட்டுப் பாருங்கள்

விஷயம் ரவிக்கையில் இருக்கிறது. நாலு புடவைக்கு நாலு மேட்சிங் ரவிக்கை தைத்தால் கிடைப்பது நாலே ஜோடி. அஞ்சாம் நாள் பழைய ஜோடிதான். அதுவே எல்லாப் புடவைக்கும் ஒத்துப்போகிற மாதிரி மூணே ரவிக்கை தைத்தால்? நாலு மூணு பன்னிரண்டு! வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரே ஜோடி திரும்ப வராது.

இதற்குப் புடவையை முதலில் வாங்கிவிட்டு ரவிக்கைக்கு அலையக் கூடாது. தலைகீழாகப் போக வேண்டும். அரக்கு, கறுப்பு, கடுகு மஞ்சள் என்று மூணு ரவிக்கையை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். பிறகு எடுக்கிற புடவையின் உடலிலோ கரையிலோ கட்டத்திலோ அந்தக் கலர் எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்தால் போதும். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. பாட்டில் பச்சையில் கடுகு மஞ்சள் கரை. சாம்பலில் கறுப்புக் கட்டம். இப்படி மூணும், பூப்போட்டது ஒன்றும். மாம்பழ மஞ்சளோடு கடுகு மஞ்சளை மட்டும் சிலருக்குப் பிடிக்காது. அப்படியானால் பதினொன்று, அவ்வளவுதான்.

மேட்சிங் சென்டருக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. டியூப் லைட் வெளிச்சத்தில் அரக்காகத் தெரிவது வெயிலில் காப்பிப்பொடிக் கலராக மாறிவிடும். துணியை வாசலுக்கு எடுத்து வந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பணம் அவருடையது இல்லையே!

துணி பருத்தியாக இருந்தால் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே கை இறுகும். டைலரிடம் "உள்ளே துணி விட்டுத் தைங்க" என்று சொல்லிவிட்டால், உடம்பு கொஞ்சம் போட்டாலும் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். அரக்கும் கறுப்பும் சாயம் விடும். முதல் இரண்டு மூன்று தடவை தனியாக நனைக்க வேண்டும்.

இந்தத் திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று சொல்ல முடியாது. மூணு ரவிக்கையை மாற்றி மாற்றிப் போட்டால் அக்குள் பக்கம் சீக்கிரம் நைந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ராத்திரி துவைத்தது காலையில் காயாது. அந்த ரெண்டு மாசத்துக்காக நாலாவதாக ஒன்று இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஆசை வேண்டாம்.

ஒட்டி வரும் தொல்லை

இப்போது பெரும்பாலான புடவைகளில் ரவிக்கைத் துணி சேர்ந்தே வருகிறது. "பிளவுஸ் ஃப்ரீ மேடம்" என்று கடைப் பையன் சொல்வான். ஃப்ரீயாவது, ஒன்றாவது! அந்தத் துணியைத் தைக்கத்தான் காசு. ரங்கநாதன் தெருவில் முன்னூறு, நானூறுக்குப் புடவை எடுத்துவிடலாம். லைனிங் வைத்து ரவிக்கை தைக்கப் போனால் பல இடங்களில் அதைவிடக் கூடவே கேட்கிறார்கள். பூனையை விடக் கயிறு விலை ஜாஸ்தி! பீரோவில் ஒரு தடவை மட்டும் போட்ட ரவிக்கைகள் அடுக்கு அடுக்காகக் கிடப்பது இதனால்தான். ஒட்டி வந்தால் தைத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சுடிதார் போடுகிறவர்களுக்கு இத்தனை சிக்கல் கிடையாது. கறுப்பு, வெள்ளை, அரக்கு என்று மூணு லெக்கிங்ஸ், அஞ்சு டாப்ஸ். பதினைந்து ஜோடி ரெடி.

ஒண்ணாம் தேதி வரும் அக்கா

உண்மையான வில்லங்கம் சாப்பாட்டு வேளையில் ஆபீசுக்குள்ளேயே வருகிறது. பை நிறையப் புடவையோடு ஒரு அக்கா. "இப்ப காசே வேணாம் மேடம். மாசம் ஐநூறு, நாலு மாசம்." கையில் காசு இறங்காததால் வலி தெரிவதில்லை. ஒண்ணாம் தேதி சம்பளம் வந்ததும் அக்காவும் வந்து நிற்பார். அதற்குள் இன்னொரு புடவைக்குத் தலையாட்டியிருப்பார்கள். அந்த அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் பிழைப்பு அது. "அதே புடவையா?" என்று கேட்கிற நாக்குகள்தான் அவருக்குச் சம்பளமில்லாத ஏஜெண்டுகள்.

2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களின் உடை பற்றி அரசு உத்தரவு போட்டது. புடவை, துப்பட்டாவோடு சுடிதார் என்று வகை சொன்னது. சுத்தமாக, நேர்த்தியாக வரச் சொன்னது. தினம் ஒரு புதுசு கட்டி வரச் சொல்லவில்லை. அரசாங்கமே கேட்காததைப் பக்கத்து சீட்டு ஏன் கேட்க வேண்டும்?

இதில் "கலர் கோடு" என்று வேறு ஒன்று கிளம்பியிருக்கிறது. ஆயுத பூஜைக்கு எல்லோரும் வாடாமல்லி. பொங்கலுக்கு எல்லோரும் கிளிப்பச்சை. முந்தின நாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வரும். பெரிய சம்பளம் வாங்குகிறவர் பீரோவைத் திறந்தால் முடிந்தது. தினக்கூலிக்குப் பெருக்க வருகிற அம்மா என்ன செய்வார்? குரூப் போட்டோ எடுக்கும்போது "நீங்க எடுங்க, எனக்கு வேலை இருக்கு" என்று மாடிப்படிப் பக்கம் போய்விடுகிறார்.

கலர் கோடு இல்லாமல் பண்டிகை இனிக்காது என்றால், அறிவிப்பில் ஒரு வரியை மட்டும் மாற்றலாம். "நாளைக்குக் கிளிப்பச்சைப் புடவை" என்பதற்குப் பதில், "நாளைக்கு ஏதாவது ஒரு பச்சை. ரவிக்கையில் இருந்தாலும் சரி, கரையில் இருந்தாலும் சரி, கை வளையலில் இருந்தாலும் சரி." வளையல் டஜன் என்ன பெரிய விலையா? அடுத்த போட்டோவில் அந்த அம்மாவும் நிற்பார்.