குடும்ப நலம்: குழந்தையின் முதற் கம்மல்

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது, கல்குளமும் விளவங்கோடும் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. எனினும் எல்லைக்கோட்டினால் உறவு அறுபடவில்லை. கொள்வினை கொடுப்பினை இன்றும் இருபுறமும் நடைபெறுகிறது. காதுகுத்து விழாவிற்குத் தாய்மாமன் எத்தனை தொலைவிலிருந்தும் வந்துவிடுகிறார்.

சென்ற கோடையில் பாறசாலைக்கு அருகே நம் உறவினர் இல்லமொன்றில் தங்கியிருந்தோம். அவ்வீட்டுப் பேத்திக்கு வெளியூரில் பிழைக்கும் மாமன் அன்போடு கொணர்ந்த கம்மலை அணிவித்திருந்தனர். தங்கம் விற்கும் விலையில் அது முலாம் பூசியது. சில வாரங்களில் இரு காதுமடல்களும் சிவந்து நீர் கசிந்தன. பாட்டியார் சூடு என்றார். அத்தையார் கண்ணேறு என்றார். கழற்றினால் ஆறியது, மீண்டும் பூட்டினால் இரண்டாம் நாள் அரித்தது. நோய்க்குரிய காரணத்தை அக்கம்மலே சொல்லிக்கொண்டிருந்தது!

முலாம் நகைகளின் அடியிலுள்ள உலோகத்தில் நிக்கல் கலந்திருப்பதுண்டு. மேற்பூச்சுத் தேய்ந்ததும் வியர்வை அந்நிக்கலைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்தது தோலுட் புகுந்தால், உடலின் காவல் அணுக்கள் அதனைப் பகையெனப் பதிந்துகொள்கின்றன. அதன்பின் எப்போது பட்டாலும் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அரிப்பும் பொடிப்பும் தோன்றும். இவ்வொவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீங்குவதில்லை. குத்திய காது பச்சைப்புண். ஆகையால் முதற் கம்மலே பெரும்பாலும் இதற்கு வாயிலாகிறது. பிற்காலத்தில் கைக்கடிகாரத்தின் கொக்கியும், தாலிச் சரட்டில் நம் சகோதரியர் கோத்துவைக்கும் ஊக்கும் அதே தொல்லையைத் தரும்.

அரிப்பெல்லாம் நிக்கலால் வருவதன்று. மோதிரத்தின் அடியில் சோப்பும் ஈரமும் தங்கினாலும் தோல் வெடிக்கும். வட்டமாகப் பரவி ஓரம் தடித்திருந்தால் படையாக இருக்கலாம். காது சுட்டு, வலித்து, சீழ் பிடித்தால் அது கிருமியின் வேலை. உடனே மருத்துவரை நாட வேண்டும்.

ஐயம் தீர்க்க ஒட்டுச் சோதனை உண்டு. நிக்கல் உப்புக் கலந்த களிம்பை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் நனையாது வைத்துப் பின் எடுத்துப் பார்ப்பார்கள். 96 மணி நேரத்தில் மறுபடியும் பார்ப்பார்கள். ஒட்டிய இடம் சிவந்து தடித்தால் காரணம் வெளிப்பட்டுவிடும். எல்லையூர் மக்கள் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியிலோ, நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்திலுள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியிலோ தோல் மருத்துவரைக் கண்டு இதுபற்றிக் கேட்கலாம். கடைக் களிம்பைத் தாமே வாங்கி மாதக்கணக்கில் பூசுதல் தகாது. வீரிய மருந்து தோலை மெலிவிக்கும்.

ஐரோப்பிய நாடுகள் 1994-இல் நகைகளிலிருந்து கசியும் நிக்கலுக்குச் சட்டத்தால் வரம்பு விதித்தன. அதன்பின் அங்குள்ள இளம்பெண்களிடையே இவ்வொவ்வாமை குறைந்தது. வருமுன் காப்பது இயலும் என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே, ஊருக்குப் பரிசு கொண்டுசெல்லும் அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. குழந்தையின் முதற் கம்மல் சிறிதாயினும் 916 முத்திரையுள்ள தங்கமாக இருக்கட்டும். முகப்பு மட்டும் தங்கமாயிருந்தாற் போதாது. காதினுள் நுழையும் தண்டும் திருகாணியும் தங்கமா என்று கடையிலேயே கேட்டறியுங்கள். அதற்கு இவ்வாண்டு கை கூடவில்லையெனில், காதுகுத்தை அடுத்த ஆண்டிற்குத் தள்ளி வைப்பதில் குறையொன்றுமில்லை. மாமன் முறை எங்கும் போய்விடாது. தோலில் ஏறிய பகையோ எளிதில் இறங்காது.