ரப்பர் விரலும் ரேகை தேய்ஞ்ச விரலும்

கொள்ளேகால்னு ஒரு ஊர். 1956 வரைக்கும் சென்னை ராஜ்யத்துல கோயமுத்தூர் ஜில்லா. மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்ப மைசூர்ப் பக்கம் போச்சு. 1997ல மைசூர் ஜில்லாவை ரெண்டா வெட்டினப்ப சாமராஜநகர் ஜில்லாவுக்குள்ள வந்துச்சு. இத்தனைக்கும் ஊர் இருந்த இடத்தை விட்டு ஒரு அடி நகரலை. ஆனா எழுபத்தஞ்சு வயசுப் பெரியவர் ஒருத்தர் வந்து நின்னார்னா, அப்பா காலத்துப் பத்திரம் ஒரு ஜில்லா சொல்லும், பழைய பாஸ்புக் இன்னொரு ஜில்லா சொல்லும், ஆதார் மூணாவது ஜில்லா சொல்லும். சாஃப்ட்வேர் சிவப்பு எழுத்துல "முகவரி பொருந்தவில்லை"ங்கும். பொருந்தாம இருக்கிறது அவர் இல்லை சாமி, அரசாங்கம்! அதை எந்தப் பெட்டியில டைப் பண்றது?

திருநெல்வேலிப் பக்கத்துல பி.காம். படிச்சுட்டு, பேங்க்ல சேர்ந்து, டிரான்ஸ்ஃபர்ல உருண்டு உருண்டு இந்த ஊருக்கு வந்து விழுந்தவன் நான். கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு சங்கதிதான்: ஒரு பற்று எழுதினா எங்கயாவது ஒரு வரவு எழுதியே ஆகணும். தொகை அந்தரத்துல தொங்கக் கூடாது. இந்த ஒரு விதியை வச்சுக்கிட்டு கைரேகை மிஷினைப் பத்திக் கொஞ்சம் புலம்பலாம்னு இருக்கேன். சாஃப்ட்வேர் மக்கள் கோச்சுக்கக் கூடாது :-)

கொள்ளேகால்னா பட்டு. சென்னை மாகாணமா இருந்த காலத்துலயே மல்பெரிக்குப் பேர் போன தாலுகா. பட்டுன்னா முகூர்த்தப் புடவைதான் நம்ம ஞாபகத்துக்கு வரும். அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. கொதிக்கிற தண்ணியில பட்டுக்கூட்டைப் போட்டு, ஊறினதும் இழையோட நுனியை விரலால தேடிப் பிடிச்சு, நாலஞ்சு இழையைச் சேர்த்து ராட்டையில ஏத்தணும். நாள் பூரா சுடுதண்ணியில விரல். இருபது முப்பது வருஷம் இதைச் செஞ்ச பொம்பளைங்க விரல் நுனியைப் பாருங்க, கூழாங்கல் மாதிரி வழவழன்னு இருக்கும். கரும்பு வெட்டுறவங்க, கல் உடைக்கிறவங்க, பாத்திரம் தேய்க்கிறவங்க எல்லாருக்கும் இதே கதைதான். ரேகை அழிஞ்சதுக்குக் காரணம் உழைப்பு. வேற ஒரு குத்தமும் இல்லை.

இப்ப அந்த விரலை மிஷின்ல வைக்கச் சொல்றோம். சிவப்பு லைட். துடைச்சு வைக்கச் சொல்றோம். சிவப்பு லைட். "தேங்காய் எண்ணெய் தடவுங்க", "எலுமிச்சம்பழம் தேய்ங்க", "நாளைக்கு வாங்க". ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவாங்க. மிஷினுக்கு வைத்தியம் பார்க்கணும்னு ஒருத்தர் வாயிலேர்ந்தும் வராது. திரையில பிழை எண் 300னு வரும். பயோமெட்ரிக் பொருந்தலைன்னு அர்த்தம். யாரோட பிழைன்னு அதுல இருக்காது.

எங்க கவுண்ட்டர்ல ஒரு அஜ்ஜி அஞ்சாவது தடவை சிவப்பு லைட்டைப் பார்த்துட்டு, கன்னடமும் தமிழுமா கலந்து கேட்டாங்க: "சாமி, நான் இங்கதானே நிக்கிறேன். அப்புறம் அது யாரைத் தேடுது?"

பத்து வருஷமா டிஜிட்டல் உரிமை பத்தி நான் படிச்ச எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவா இருந்ததில்லை.

அந்த அஜ்ஜிக்குப் பிரச்சினை இல்லை. பிராஞ்ச்சுக்கு வந்துட்டாங்க. பாஸ்புக் இருக்கு, போட்டோ இருக்கு, வித்ட்ராயல் சீட்டு இருக்கு, சாட்சி இருக்கு. பழைய முறையில பணம் குடுத்தாச்சு. மாதேஸ்வரன் மலைப் பக்கம் உள்ளடங்கின ஊர்ல இருக்கிறவங்களுக்கு என்ன வழி? அங்க பேங்க்னா பேங்க் மித்ரா கையில இருக்கிற ஒரு குட்டி மிஷின். அது இல்லைன்னா இல்லைதான். பஸ் பிடிச்சு டவுனுக்கு வந்தா பஸ் காசு போச்சு, ஒரு நாள் கூலியும் போச்சு. மிஷினோட தப்புக்கு அபராதம் கட்டுறது கிழவி. என் பி.காம். மூளைக்கு இங்கதான் உறுத்துது. பற்று தப்பான கணக்குல விழுந்திருக்கு.

"எங்கயோ ஒண்ணு ரெண்டு பேருக்கு அப்படி ஆகும் சார், அதுக்காக..."ன்னு ஆரம்பிக்கிறவங்களுக்கு அரசாங்கம் குடுத்த கணக்கையே சொல்றேன். 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை சில இடங்கள்ல சரிபார்ப்பு தோத்துப்போற விகிதத்தோட மதிப்பீட்டைச் சொல்லுச்சு: ஜார்க்கண்ட் 49 சதவீதம், ராஜஸ்தான் 37, குஜராத் 6, ஆந்திராவுல கிருஷ்ணா ஜில்லா 5. 2018 மார்ச்ல ஆதார் ஆணையத் தலைமை அதிகாரியே சுப்ரீம் கோர்ட்ல படம் போட்டு விளக்கினப்ப, அரசாங்கச் சேவைகள்ல 88 சதவீதம் வெற்றின்னு காட்டினார். மீதி 12 சதவீதம்? எங்க பேங்க்ல நூறு செக்ல பன்னெண்டு செக்கை, கையெழுத்து சரியா இருந்தும் திருப்பி அனுப்பினா, அன்னைக்குச் சாயங்காலமே மேனேஜரை மாத்திடுவாங்க. மிஷினை மட்டும் எவனும் மாத்த மாட்டான்.

சரி, அவ்வளவு கறாரான மிஷின், திருடனையாவது தடுக்குமில்ல? இங்கதான் காமெடி.

2018ல தெலங்கானாவுல ஒருத்தரைப் போலீஸ் பிடிச்சாங்க. சிம் கார்டு விக்கிறவர். பத்திரப் பதிவுத் துறையோட இணையதளத்துல கிடந்த நிலப் பத்திரங்கள்ல இருக்கிற பெருவிரல் ரேகையை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு, ஆயிரக்கணக்குல சிம் ஆக்டிவேட் பண்ணிட்டார். எதுக்காம்? மாச டார்கெட் முடிக்கிறதுக்காம்! டார்கெட்டுக்காக மனுஷன் என்னவெல்லாம் பண்ணுவான்னு பேங்க்காரனுக்குச் சொல்லவா வேணும்?

அடுத்தது 2023, நம்ம கர்நாடகா. பெங்களூர்ல சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல பத்திரம் பதிஞ்ச பலரோட கணக்குலேர்ந்து, அவங்க வீட்டுல உட்கார்ந்திருக்கும்போதே பணம் போச்சு. பத்திரத்துல இருந்த ரேகையை நகலெடுத்துதான் எடுத்திருக்காங்கன்னு செய்தி வந்தது. போன வழி, ஏஇபிஎஸ்னு சொல்ற ஆதார் வழிப் பட்டுவாடா. அதுல பணம் எடுக்க மூணு சமாச்சாரம் போதும்: பேங்க் பேர், ஆதார் நம்பர், விரல். பின் நம்பர் கிடையாது, ஓடிபி கிடையாது. நல்ல எண்ணத்துல செஞ்சதுதான். படிப்பறிவில்லாதவங்க பின் நம்பர் ஞாபகம் வச்சுக்க வேண்டாம்னு. ஆனா பூட்டே இல்லாத கதவு வீட்டுக்காரனுக்கு எவ்வளவு சௌகரியமோ, திருடனுக்கும் அவ்வளவு சௌகரியம்.

உயிருள்ள விரலா, ரப்பரான்னு பார்க்கிற தொழில்நுட்பத்தை 2023 பிப்ரவரியில ஆதார் ஆணையம் கொண்டுவந்தது. நல்ல விஷயம். பெங்களூர்ச் செய்தி வந்தது அதுக்கப்புறம்.

ஆக, சுடுதண்ணியில வெந்த நிஜ விரலைத் தெரியாதுங்கிற அமைப்பு, ரப்பர் விரலை "வாங்க அண்ணாச்சி"ன்னு உள்ள கூப்பிடுது. இதுல இன்னொண்ணு பாருங்க. பாஸ்வேர்டு திருடு போனா மாத்திக்கலாம். ஏடிஎம் கார்டு போனா புதுசு குடுப்போம். விரல் திருடு போனா? ஆண்டவன் குடுத்தது மொத்தமே பத்து. அதையும் பத்திர ஆபீஸ், ரேஷன் கடை, ஆபீஸ் வருகைப் பதிவுன்னு எல்லா இடத்துலயும் அழுத்தி அழுத்தி வச்சுட்டு வந்தாச்சு. வேணும்னா ஆதார் செயலியில பயோமெட்ரிக்கைப் பூட்டி வச்சுக்கலாம், அந்த வசதி இருக்கு. அதுக்கு ஸ்மார்ட்போன் வேணும். அந்த அஜ்ஜிகிட்ட இருக்கிறது சுருக்குப் பை.

"அப்ப பழைய கைநாட்டுக் காலத்துக்கே போகச் சொல்றியா?"ன்னு கேப்பீங்க. கைநாட்டைக் கேவலமா நினைக்காதீங்க. ரேகை விஷயத்துல நாமதான் உலகத்துக்கே சீனியர். 1858ல வங்காளத்துல வில்லியம் ஹெர்ஷல்ங்கிற வெள்ளைக்கார அதிகாரி, ஒரு ஒப்பந்தக்காரரோட முழுக் கையையும் மையில தோய்ச்சு ஒப்பந்தத்துல பதிச்சார். பின்னாடி "இது என் கையெழுத்து இல்லை"ன்னு மாத்திப் பேசக் கூடாதேன்னுதான். 1897ல கல்கத்தாவுல ஆரம்பிச்ச ரேகைப் பதிவு நிலையம்தான் உலகத்துலயே முதல்ல வந்தது.

எங்க பேங்க் நடைமுறையில கைநாட்டுக்கு எப்பவும் ஒரு துணை உண்டு. சாட்சி. படுத்த படுக்கையா இருக்கிற வாடிக்கையாளர் விஷயத்துல ரிசர்வ் வங்கி சொன்ன வழியைக் கேளுங்க: கை பெருவிரல் முடியலையா, கால் விரல் ரேகை வாங்கிக்கோ. அதுவும் முடியலையா, ஏதாவது ஒரு குறி போடச் சொல்லு. ரெண்டு சாட்சி அடையாளம் காட்டணும், அதுல ஒருத்தர் பொறுப்பான பேங்க் அதிகாரியா இருக்கணும். இதை எழுதினவர் எவரோ, அவருக்கு ஒரு கும்பிடு. உடம்பு தோத்துப்போகும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த நேரத்துல ஒரு மனுஷன் தன் பேரைப் போட்டுக் கையெழுத்து போடணும்னும் தெரிஞ்சிருக்கு.

புது முறை அந்தச் சாட்சியைத்தான் தூக்கிப் போட்டுடுச்சு. சாட்சி லஞ்சம் வாங்குவான், சாட்சி பொய் சொல்லுவான்னாங்க. உண்மைதான். செத்தவங்க பேர்ல பென்ஷன் வாங்கின கதையெல்லாம் எங்களுக்கும் தெரியும். ஆதார் வந்த பிறகு கூலி நேரா கணக்குக்கு வருது, நடுவுல பிடுங்கித் தின்ன ஆட்கள் குறைஞ்சிருக்காங்க. அதை மறுக்க நான் யாரு? ஆனா பொய்ச் சாட்சி சொன்ன அதிகாரிக்குப் பேர் உண்டு, ஸ்டாஃப் நம்பர் உண்டு. மெமோ குடுக்கலாம், சஸ்பெண்ட் பண்ணலாம். பிழை எண் 300க்கு யார் மெமோ குடுக்கிறது?

கோர்ட்டுக்கு இது தெரியாமலா இருக்கு? கே.எஸ். புட்டசுவாமின்னு ஒருத்தர், நம்ம கர்நாடக ஹைகோர்ட்ல நீதிபதியா இருந்து ரிட்டயர் ஆனவர். 2012ல, 86 வயசுல, ஆதாரை எதிர்த்து வழக்கு போட்டார். அந்த வயசுல நாம பேரன்கிட்ட ரிமோட் கேட்டுக்கிட்டு இருப்போம். அந்த வழக்குலதான் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல சொன்னாங்க. 2018 செப்டம்பர் 26ல ஆதார் சட்டம் பெரும்பாலும் செல்லும்னு தீர்ப்பு வந்தது. பேங்க் கணக்கோட இணைச்சே தீரணும்ங்கிற விதி செல்லாதுன்னு ஆச்சு. ரேகை ஒத்துவராதவங்களுக்கு வேற வழியில அடையாளம் காட்ட ஏற்பாடு இருக்கணும்னும் அதே தீர்ப்பு சொல்லுது. புட்டசுவாமி 2024 அக்டோபர்ல, 98 வயசுல காலமானார். தீர்ப்பு காகிதத்துல பத்திரமா இருக்கு. கடைசி ஊர்ல இருக்கிற குட்டி மிஷினுக்கு அது இன்னும் போய்ச் சேரலை.

அதனால நான் கேக்கிறது பெரிய புரட்சி எல்லாம் இல்லை. கணக்கப்பிள்ளை கேக்கிற நாலு விஷயம்.

ஒண்ணு, மூணு தடவை ரேகை விழலைன்னா, சாட்சியோட ஒரு மனுஷன் கையெழுத்து போட்டு வேலையை முடிக்கணும். அதை ஏத்துக்கிற மாதிரி சாஃப்ட்வேர் எழுதணும். பேங்க் மித்ரா வரைக்கும், ரேஷன் கடை வரைக்கும்.

ரெண்டு, இல்லைன்னு திருப்பி அனுப்பினா துண்டுச் சீட்டுல எழுதிக் குடுக்கணும். தேதி, நேரம், காரணம், திருப்பி அனுப்பினவர் பேர். வெறுங்கையோட அனுப்பினா, அவங்க வந்ததுக்கே சாட்சி இல்லாம போயிடுது. அந்த 12 சதவீதத்துக்கு முகம் இல்லாததுக்கு அதுதான் காரணம்.

மூணு, விரல் வச்சுப் பணம் எடுக்கிற வசதி கேட்டவங்களுக்கு மட்டும்தான். ஆதாரை இணைச்ச ஒரே காரணத்துக்காகக் கதவு தானா திறந்துக்கக் கூடாது.

நாலு, ரப்பர் விரல்ல பணம் போனா, "நான் எடுக்கலை"ன்னு வாடிக்கையாளர் நிரூபிக்கக் கூடாது. "நீ எடுத்தே"ன்னு பேங்க் நிரூபிக்கட்டும். இதுவும் என் சொந்தச் சரக்கு இல்லை. மின்னணு மோசடியில நிரூபிக்கிற பொறுப்பு பேங்க்கோடதுன்னு 2017 ஜூலை 6ஆம் தேதிச் சுற்றறிக்கையிலயே ரிசர்வ் வங்கி எழுதியிருந்தது. வெளியாள் செஞ்ச மோசடியை மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லைன்னும் அதுலயே இருந்தது. ஆனா குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரியாதவங்க, மாசம் ஒரு தடவை பாஸ்புக் போட வர்றவங்க, மூணு நாளுக்குள்ள எங்கேர்ந்து சொல்றது? அதுக்கும் ஒரு வழி பண்ணணும்.

இந்த நாலையும் சொன்னா "சிஸ்டத்துல அதுக்கு வசதி இல்லை சார்"னு ஒரு பதில் வரும். முப்பது வருஷத்துக்கு முன்னாடி லெட்ஜர்ல எழுதிக்கிட்டு இருந்தப்ப, இடம் பத்தலைன்னா மார்ஜின்ல எழுதிச் சுருக்கொப்பம் போடுவாங்க. கோடிக்கணக்குல செலவு பண்ணி வாங்கின சிஸ்டத்துல ஒரு மார்ஜின் வைக்க முடியாதா?